விருப்ப வரிசை முறையில் சிலருக்கு இரண்டு ஓட்டா?

"வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி வாக்களித்தால், தோற்பவரின் ஆதரவாளர்களுக்கு மட்டும் கூடுதல் ஓட்டு கிடைக்கும்" என்ற செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

100 ஓட்டுகள் என்று வையுங்கள். முதல் சுற்றில் மூவருக்கு 40, 35, 25. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. 25 பெற்றவர் விலக்கப்படுகிறார். அந்தச் சீட்டுகள் இரண்டாம் விருப்பத்தின்படி மற்ற இருவருக்குப் போகின்றன. அப்போது முதல் 40 சீட்டுகளும் சும்மா கிடப்பதில்லை, அதே வேட்பாளருக்கே மறுபடி எண்ணப்படுகின்றன. எந்தச் சுற்றிலும் ஒரு சீட்டுக்கு ஓர் ஓட்டுதான். இரண்டாம் விருப்பம் குறிக்காத சீட்டு மட்டும் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

சரி, இந்த எண்ணம் எப்படிப் பரவியது? 2011 மே 5 அன்று பிரிட்டன் இதே முறைக்குப் பொதுவாக்கெடுப்பு நடத்தியபோது, சிலரின் ஓட்டு பலமுறை எண்ணப்படும் என்று பிரதமர் டேவிட் கேமரூனே பேசினார். இம்முறையை ஆதரித்த துணைப் பிரதமர் நிக் கிளெக், கல்விக் கட்டண உயர்வால் மக்களிடம் கெட்ட பெயர் எடுத்திருந்தார். எதிர்த்தரப்பு அவர் முகத்தையே பிரசாரப் பொருளாக்கியது. சுமார் 68 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றனர்.

அதே கேமரூன் 2005 கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் தேர்தலில், எம்.பி.க்களின் முதல் சுற்றில் டேவிட் டேவிஸுக்கு 62, தனக்கு 56 என்று பின்தங்கியிருந்தார். கடைசியில் இருந்தவர் விலக்கப்பட்ட பின் நடந்த அடுத்த சுற்றில்தான் 90 வாங்கி முன்னேறினார். அந்த எம்.பி.க்கள் யாரும் இரண்டு ஓட்டு போட்டதாகச் சொல்லப்படவில்லை.