அரிட்டாபட்டி வல்லூறுக்காக மயிலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது

மயில் அழிந்துவிடுமோ என்று இனி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. 1963-ல் தேசியப் பறவை ஆனது. வனவுயிர் சட்டத்தில், அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. எங்கள் பக்கம் முருகனின் வாகனம் வேறு. 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, மயில்கள் 150 சதவீதத்துக்கும் மேல் கூடியிருப்பதாகச் சொல்கிறது. மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் கடலை போட்டவர்களுக்கு அறிக்கையே தேவையில்லை. விதைத்த ஈரம் காயும் முன்பே காலால் கீறி, சால் பிடித்துக்கொண்டே போய் பருப்பைப் பொறுக்கிவிடும். விரட்டினால் வரப்பு வரை ஓடி நிற்கும். நாம் திரும்பியதும் மறுபடி இறங்கும்.

அதே மேலூர் வட்டத்தில்தான் அரிட்டாபட்டி மலை. அங்கே லகர் வல்லூறு என்ற வேட்டைப் பறவை இருக்கிறது. காக்கை அளவுதான். பழுப்பு முதுகு, கண்ணுக்குக் கீழே மீசை மாதிரி மெல்லிய கருங்கோடு. பெரும்பாலும் ஜோடியாக வேட்டையாடும். சொந்தமாகக் கூடு கட்டாது. பாறை இடுக்கிலோ, காக்கையும் பருந்தும் விட்டுப்போன கூட்டிலோ முட்டையிடும். எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் உலக அளவிலான செம்பட்டியலில் இது அழிவை அண்மித்த இனம். மயிலோ கவலை குறைந்த வகை.

இரண்டுக்கும் உறவே கிடையாது. மயில் கோழிக் குடும்பம். வல்லூறு, மரபணு ஆய்வுகளின்படி, பருந்தை விடக் கிளிக்குத்தான் நெருங்கிய சொந்தம். ஆம், மீனாட்சி கையில் இருக்கிறதே, அந்தக் கிளிக்கு!

ஆனால் வயலில் இரண்டின் கதையும் ஒன்றாகிவிடுகிறது. வல்லூறு குறைவதற்குப் பூச்சிக்கொல்லியையும், கண்ணி வைத்துப் பிடிப்பதையும் முக்கியக் காரணங்களாகச் சொல்கிறார்கள். மயில் தொல்லை தாங்காமல் தானியத்தில் விஷம் கலந்து வைப்பது குற்றம், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்த விஷம் மயிலோடு நிற்குமா? அதைத் தின்ற எலியும் புறாவும் தள்ளாடும்போது வல்லூறுக்கு அவைதான் சுலபமான இரை.

2022-ல் அரிட்டாபட்டியைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், சுமார் 193 ஹெக்டேர். அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட விடப்பட்ட ஏலத்தை எதிர்த்து ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் அது ரத்தானது. பெரிய வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனால் வல்லூறு இரை தேடுவது அந்த எல்லைக்குள் மட்டும் இல்லை. சுற்றியுள்ள புஞ்சையும், தரிசு என்று ஒதுக்கப்பட்ட மேய்ச்சல் நிலமும்தான் அதற்குச் சோறு போடுகின்றன.

அந்த நிலத்தில் விஷம் விழாமல் இருக்க வேண்டும். அதனால் என் கோரிக்கை விவசாயிக்காகத்தான். மயில் அழித்த பயிருக்கு, அலையவிடாமல், அந்தப் போகத்திலேயே இழப்பீடு கொடுங்கள். மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் இருந்தே அதைத் தொடங்குங்கள்.