அந்தச் சீட்டில் இருந்தது ஒரு கேள்வி

ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை மண்டபத்தில், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு நடத்திய கூட்டத்தில் நடந்ததை நான் மறுபடி விவரிக்கவில்லை. ஒரு பையனைக் காட்டி மண்டபமே சிரிக்கிற அந்த நாற்பது விநாடி வீடியோ இந்நேரம் உங்கள் எல்லார் போனுக்கும் வந்திருக்கும். எனக்கே ஐந்து பேர் அனுப்பினார்கள். அதில் ஒருவர் என் சொந்த அண்ணன். எங்கள் குடும்பக் குரூப்பில், சிரிக்கிற பொம்மை மூன்று போட்டு.

வீடியோவில் இல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே இருந்த இரண்டு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்தப் பையன் தானாக எழுந்து நின்று எதையும் சொல்லவில்லை. கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்றார்கள், எழுதிக் கொடுத்தான். பெயர் போடவில்லை. "தன்பால் ஈர்ப்பு உள்ளவர்கள் கல்ஃப் வேலைக்குப் போனால் எதில் எல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?" அவ்வளவுதான் இருந்தது அதில். மேடையில் இருந்தவர் வாசித்துவிட்டு, "இது யாருப்பா, எந்திரி பாப்போம்" என்றார். அவன் எழுதும்போது பார்த்த பக்கத்து ஆட்கள் கையைக் காட்டினார்கள். கேமரா திரும்பியது. "அங்க போயாவது திருந்திக்கோ தம்பி" என்றார் அவர். மண்டபமே சிரித்தது.

அது ஒரு கேள்வி. கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கலாம். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

அதே கூட்டத்தில் கசகசா பற்றிப் பத்து நிமிடம் பேசியிருக்கிறார்கள். கல்ஃபுக்குக் கசகசா கொண்டு போகாதீர்கள், அங்கே அது போதைப்பொருள் கேஸ், ஊறுகாய்ப் பாட்டிலோடு சேர்த்து அம்மா கட்டிக் கொடுத்தாலும் எடுத்து வெளியே வையுங்கள் என்று. நல்ல விஷயம், அவசியமான விஷயம். குருமாவுக்குப் போடுகிற சாமானுக்காக ஒருவன் ஜெயிலுக்குப் போய்விடக் கூடாது என்று அத்தனை அக்கறை. அதே ஜெயில்தானே இந்தப் பையனுக்கும்? அவனும் அதே டிரைவர் விசாவுக்கும் ஹெல்பர் விசாவுக்கும் அதே திருவனந்தபுரத்தில் பிளைட் ஏறுகிறவன்தானே?

சரி, யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். நான் குவைத்தில் ஆறு வருடம், சிங்கப்பூரில் நான்கு வருடம் இருந்தவன். நானும் அந்தப் பையனைப் போலத்தான். இதை இங்கே வெளிப்படையாக எழுதுவது இது முதல் தடவை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

வெளிநாடு என்று ஒரே ஒரு இடம் கிடையாது. குவைத்தில் ஆணும் ஆணும் உறவு வைத்தால் 7 ஆண்டு வரை சிறை. கத்தாரிலும் சிறைதான், எமிரேட்ஸிலும் குற்றம்தான். சவூதியில் மரண தண்டனை வரைக்கும் போக இடம் உண்டு. நம் ஆட்கள் பக்கத்து வீடு மாதிரி நினைத்துப் போய்வருகிற மலேசியாவில் 20 ஆண்டு வரை சிறை, கூடவே பிரம்படி. 2023-இல் அங்கே வானவில் நிறக் கைக்கடிகாரத்தைக் கடைகளில் புகுந்து பறிமுதல் செய்தார்கள், வைத்திருந்தாலே 3 ஆண்டு வரை சிறை என்றார்கள். சிங்கப்பூரில் ஆணும் ஆணும் உறவு வைப்பதைக் குற்றமாக்கி வெள்ளைக்காரன் விட்டுப்போன 377A பிரிவை 2023 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். ஆனால் கல்யாணம் கிடையாது, இணையரை டிபெண்டென்ட் பாஸ் என்கிற குடும்ப விசாவில் அழைத்துப் போகவும் முடியாது. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் கல்யாணமே பதிவு செய்யலாம். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒருவன் விமானம் ஏறினால் பாங்காக்கில் நடந்துகொள்வது போலவே கோலாலம்பூரிலும் நடந்துகொள்வான். துபாய், தோஹாவில் பிளைட் மாறும் நாலு மணி நேரத்துக்கும் அந்த நாட்டுச் சட்டம்தான்.

ஆனால் போலீஸை விட முதலில் வருகிற ஆபத்து ரூம். பெட் ஸ்பேஸ் என்றால் எட்டுப் பேர், இரண்டு அடுக்குக் கட்டில், நடுவில் ஒரு ஆள் நடக்கிற வழி. எட்டில் நாலு பேர் நம் பக்கத்து ஆள். அங்கே ஒரு பேச்சுக் கிளம்பினால் மறுநாள் காலையில் ஊரில் இருப்பான் அந்தப் பேச்சோடு ஒருத்தன்.

2008-இல் குவைத்தில் நான் இருந்த ரூமில் மூத்தவர் ஒரு கடையநல்லூர் பாய். வாட்டர் டேங்கர் ஓட்டினார். நான் மேல் கட்டில், லுங்கியைத் திரையாகக் கட்டியிருப்பேன். என் போனில் ஒரு போட்டோ இருந்தது, யாருடையது என்று இங்கே வேண்டாம். சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில் போன் அடித்திருக்கிறது, பாய் எடுத்திருக்கிறார். அன்றைக்கு ராத்திரி மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது பக்கத்தில் வந்தார். ஈர பனியனை உதறி, கிளிப் குத்திக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தம்பி, போன்ல ஒரு படம் கெடக்குல்லா, அத எடுத்துரு. நான் ஒண்ணும் கேக்கல. இங்க கேக்கதுக்கு வேற ஆளு இருக்கு." அடுத்த கிளிப்பை எடுத்தார். "நம்பர் மட்டும் மனசுல வச்சுக்கோ. மனசத் தொறந்து பாக்க ஒருத்தனுக்கும் முடியாது."

அவர் என்னை அங்கீகரித்தாரா, மன்னித்தாரா, எனக்குத் தெரியாது. கடைசி வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சிக்காமல் இருக்க என்ன தெரியவேண்டுமோ அதைச் சொன்னார். இன்றைக்கும் நோன்புப் பெருநாளுக்கு எனக்குச் சாப்பாடு அவர் வீட்டில்தான். மதத்தைக் குறை சொல்ல வந்திருக்கிறான் என்று கீழே எழுத நினைக்கிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை வாசியுங்கள்.

2008-இல் ஒரு போட்டோவை அழித்தால் போதும். இப்போது அப்படி இல்லை. போனில் அழித்தாலும் மெயில் கணக்கில் இருக்கும், பழைய வாட்ஸப் பேக்கப்பில் இருக்கும். கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க இதற்கு ஒதுக்கு. டேட்டிங் ஆப்பை எடுத்துவிடு, கணக்கையும் மூடிவிடு. அந்த ஆப்களில் சில நீ எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறாய் என்று காட்டும். அதை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கலாம். ஆசையாகப் பேசி, முகம் தெரிகிற போட்டோ வாங்கி, அப்புறம் பணம் கேட்டு மிரட்டுகிற கூட்டம் உண்டு. உன்னால் அங்கே போலீஸுக்குப் போக முடியாது என்று அவனுக்குத் தெரியும், அதுதான் அவன் முதலீடு. இருக்கிற இடத்தை மறைக்கிற வி.பி.என். ஆப் போட்டால் தெரியாது என்று சொல்வார்கள், நம்பாதே. எமிரேட்ஸில் குற்றமான காரியத்துக்கு வி.பி.என். பயன்படுத்தினால் அபராதமே 5 லட்சம் திர்ஹத்தில் தொடங்குகிறது.

அடுத்தது மெடிக்கல். இதைத்தான் மேடையில் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் இது எல்லோருக்கும் பொருந்துவது. கல்ஃபுக்கு எச்.ஐ.வி. சோதனை உண்டு, இருந்தால் விசா கிடையாது. போன பிறகு தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட் மெடிக்கலிலும் அந்தச் சோதனை உண்டு. கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து என் சிநேகிதன் ஒருவனை அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். பெட்டி கட்டக்கூட விடவில்லை. போட்டிருந்த கம்பெனி யூனிபார்மோடு வந்து இறங்கினான். ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் வட்டியோடு நின்றது. ஆறு மாதம் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. அப்புறம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். மருந்து இலவசம், இன்றைக்கு அவன் நன்றாக இருக்கிறான், மாடு வைத்திருக்கிறான். ஏஜென்டிடம் ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தால் அவனுக்கு அந்தக் கடன் இல்லை. அங்கே காசு கிடையாது, ரிசல்ட்டை உன்னிடம் மட்டும்தான் சொல்வார்கள். இந்த ஒரு தகவலைச் சொல்ல எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்?

இப்போது சிலர் சொல்வதற்கு வருகிறேன். "அந்த நாட்டில் அது குற்றம், குற்றத்துக்கு மேடையில் எப்படி வழி சொல்ல முடியும்" என்று ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். ஐயா, அவன் குற்றம் செய்ய வழி கேட்கவில்லை. கவனமாக இருக்க வழி கேட்டான். சாராயம் பற்றி அதே மேடையில் விவரமாகப் பேசினீர்கள். பொம்பளைகள், பிள்ளைகள் இருந்த இடம் என்கிறார் இன்னொருவர். பெயர் இல்லாத சீட்டை உரக்க வாசித்தது அவன் இல்லை.

"கனடாவுக்குப் போகலாமே, லண்டனுக்குப் போகலாமே" என்பது மூன்றாவது. இதை அதிகம் சொல்வது படித்த ஆட்கள்தான், அதுதான் எனக்கு வலிக்கிறது. கனடாவில் 2005-இலிருந்து கல்யாணமே செய்துகொள்ளலாம், உண்மை. இங்கிலாந்தில் 2014. அங்கே போய்ப் பதிவு செய்தவர்கள் இணையருக்கு விசா எடுக்கிறார்கள், அதுவும் உண்மை. கம்ப்யூட்டர் படித்தவனுக்கு அது சரி. நாங்குநேரிப் பக்கம் பத்தாவது பெயிலாகி, பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர்., அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வாங்க வேண்டும் என்று இருக்கிறவனுக்கு யார் கனடா கொடுப்பார்கள்? அவன் தங்கச்சி கல்யாணக் கடனுக்கு குவைத்தும் கத்தாரும்தான் கதவு திறக்கும். ஆபத்து என்று தெரிந்தே போகிறான். தெரிந்து போகிறவனுக்குத்தான் வழி தெரிய வேண்டும். கனடா போனவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்யாணச் சான்றிதழ் சென்னையில் இறங்கியதும் செல்லாது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் இங்கே அந்த உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. அதனால் உயில், பவர் பத்திரம் எல்லாம் எழுத்தில் வையுங்கள். பேங்கில் இணையரை நாமினியாகப் போடலாம், ஜாயின்ட் கணக்குத் திறக்கலாம் என்று 2024-இல் நிதி அமைச்சகமே தெளிவுபடுத்தியிருக்கிறது.

"திருந்திக்கோ" என்றவருக்கு. 2018 செப்டம்பர் 6-இலிருந்து இந்த நாட்டில் இது குற்றம் இல்லை. வைத்தியம் பார்த்து மாற்றுகிறேன் என்று கிளம்புவதைத் தடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிப்போன இரண்டு பெண்களின் வழக்கு அது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எனக்கு இது சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். ஒரு ஹைகோர்ட் நீதிபதிக்குக் கேட்டுத் தெரிந்துகொள்வது கௌரவக் குறைவாக இல்லை. மைக் பிடித்தவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுத்திருக்கலாம். கோபமே வந்திருக்காது எனக்கு.

ஆனால் வீடியோ எடுத்தீர்கள். அதில் அவன் முகம் தெரிகிறது. அவன் சட்டை தெரிகிறது, பக்கத்தில் இருக்கிற கூட்டாளி தெரிகிறான். நாளைக்கு அவன் எந்த ரூமில் போய்ப் படுத்தாலும் அங்கே இருக்கிற எட்டுப் பேரில் ஒருவன் போனில் அந்த வீடியோ இருக்கும். நான் அத்தனை வருடம் ஒரு போட்டோவை அழித்துவிட்டு மனசில் நம்பர் வைத்துக் காப்பாற்றிக்கொண்ட உயிரை நீங்கள் நாற்பது விநாடியில் அவன் கையிலிருந்து பிடுங்கிவிட்டீர்கள். இதில் எந்தச் சிரிப்பு?

நேற்று சாயங்காலம் அம்மா குரூப்பைத் திறந்து பார்த்தாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு தடவை பார்த்தாள். "அந்தப் புள்ள என்ன கேட்டான்? எல்லாரும் எதுக்குச் சிரிக்காங்க?" என்றாள். நான் சொன்னேன். நாற்பத்தி மூன்று வயதில், ஒவ்வொரு லீவுக்கும் பெண் பார்க்கக் கூட்டிப்போன என் அம்மாவிடம் முதல் தடவையாக முழுசாகச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "அவனுக்கு யாருதான் பதில் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

அண்ணன் வீடியோவை அழித்துவிட்டான், அம்மா சொல்லித்தான். நீங்களும் அழியுங்கள். கேலரியில் ஒன்று, குரூப்பில் ஒன்று, இரண்டையும்.

தம்பி, நீ இதைப் பார்ப்பாய் என்று நம்புகிறேன். பாஸ்போர்ட்டையும் விசாவையும் ஜெராக்ஸ் எடுத்து ஊரில் நம்புகிற ஒருத்தர் கையில் கொடுத்துவிட்டுப் போ. எது நடந்தாலும், படிக்கத் தெரியாத அரபிக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள் என்று கேள், அது உன் உரிமை. சம்பளப் பிரச்சினை, பாஸ்போர்ட் பிரச்சினை என்று தூதரகத்துக்குப் போனால் நீ யார் என்று அங்கே சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மெடிக்கலுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் எனக்கு இன்பாக்ஸில் எழுது. எந்த நாடு, என்ன விசா, ரூமில் எத்தனை பேர், இந்த மூன்றையும் சொல்லு. வேறு ஒன்றும் நான் கேட்கமாட்டேன்.