குள்ளனுக்கு 250 பவுன்

அம்மிச்சி: யாருக்குடா 250 பவுன்?

பேரன்: பவுன் இல்லைங்க அம்மிச்சி, பொற்காசு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு கதை விளையாட்டு. அதில் என்னோட ஆள், குள்ளர்ங்கிற இனத்தோட மொழியைப் படிக்கிறான். தினம் ஒரு காசு, 250 நாள். அதோட 2014 விதிப்புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கு.

அம்மிச்சி: ஒரு காசு எத்தனை கிராம்?

பேரன்: 50 காசு ஒரு பவுண்டு. அப்ப... சுமார் 9 கிராம்.

அம்மிச்சி: பவுனுக்கு மேலே ஒரு கிராம்! உங்கம்மா கல்யாணத்துக்கே நான் அத்தனை போடலை. இவன் குள்ள வாத்தியாருக்குக் கொட்டிக் கொடுக்கிறான்.

பேரன்: விளையாட்டுங்க அம்மிச்சி.

அம்மிச்சி: செய்கூலி, சேதாரம் சேர்த்தா, சேர்க்காமலா?

பேரன்: சரி, படிப்பை விடுங்க. ஒரு மந்திரம் இருக்கு. ஒரு மணி நேரத்துக்கு எந்த மொழி பேசினாலும் புரியும். திருப்பிப் பேசத்தான் வராது.

அம்மிச்சி: அதுக்கு எத்தனை பவுன்?

பேரன்: ஒரு சிட்டிகை கரியும் உப்பும் போதும்.

அம்மிச்சி: அதை வெச்சுத்தான் நாங்க பல்லு விளக்கினோம். வாய் நாறலை, அவ்வளவுதான். மொழி ஒண்ணும் வரலை.

பேரன்: முக்கால்வாசி நேரம் எதுவுமே வேண்டாமுங்க. பொதுமொழின்னு ஒண்ணு இருக்கு. மனுசங்க மொழி. குள்ளன், எல்ஃப்னு கூர்காது இனம், எல்லாரும் அதைப் பேசுவாங்க.

அம்மிச்சி: மனுசன் குள்ளர் மொழி பேசுவானா?

பேரன்: அவனுக்கும் இன்னொரு மொழி உண்டு. பிடிச்சதை எடுத்துக்கலாம்.

அம்மிச்சி: அதானே பார்த்தேன். குள்ளனுக்குக் கட்டாயம், மனுசனுக்குப் பிடிச்சிருந்தால்.

பேரன்: விதி அப்படிங்க...

அம்மிச்சி: நம்ம மூணாவது லைன் வீட்டில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிற ஒடிசாப் பொண்ணு இருக்காளே, அவளுக்கு யார் 250 பவுன் கொடுத்தாங்க? ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வந்து, தக்காளி வண்டிக்காரன்கிட்டத் தமிழில் சண்டை போட்டு, கொசுறு கொத்தமல்லியும் பிடுங்கிக்கிட்டு வர்றா. பேங்கில் ஒருத்தன் மூணு வருசமா உட்கார்ந்திருக்கான். என் பாஸ்புக்கை நீட்டினால் இந்தியில் கத்துறான். எனக்குக் காது நல்லாத்தான் கேட்குதுன்னு அவனுக்கு எந்த மொழியில் சொல்ல?

பேரன்: அவருக்குத் தமிழ் வராதுங்களே.

அம்மிச்சி: ஏன் வரணும்? அவன் தக்காளி வாங்கவா என்கிட்ட வர்றான்? நான்தானே அவன்கிட்டப் போறேன்.

பேரன்: ...ஆட்டத்துக்கு வாங்க அம்மிச்சி. குகை வாசலில் மலை ராட்சசன். அவனுக்குப் பொதுமொழி தெரியாது. என்ன பண்றீங்க?

அம்மிச்சி: கவுன்டரில் உட்கார்ந்திருக்கானா?

பேரன்: இல்லைங்க, பெரிய தடியோட நிக்கிறான்.

அம்மிச்சி: அப்பப் பரவாயில்லை. கையைக் காட்டிப் பேசிக்கலாம்.