முள்சீத்தா இலைக் கசாயம் குடிப்பவர்களுக்கு
முள்சீத்தா இலைச்சாறு புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும், நோய் எதிர்ப்பைக் கூட்டும் என்று உங்கட கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், சரி, ஆனால் அது பெரும்பாலும் ஆய்வுகூடத் தட்டிலும் எலியிலும் பார்த்தது என்பதை ஒரு வரியிலாவது போட்டிருக்கலாம். எங்கட முல்லைத்தீவுப் பக்கம் இப்படி வாசித்துவிட்டு இலையைப் பிடுங்கி, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு அவித்த தண்ணியைக் குடித்து, தெல்லிப்பழை புற்றுநோய்க் கிளினிக்கைத் தள்ளிப்போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். முள்சீத்தாவிலுள்ள அசிற்றோஜெனின்கள் என்ற இரசாயனங்கள், கலத்துக்குச் சக்தி தருகிற இழைமணி (மைற்றோகொண்ட்ரியா) என்ற பகுதியில் சக்தி உற்பத்தியை மறிக்கின்றன. தட்டில் புற்றுக் கலம் சாவது அதனால்தான், நரம்புக் கலத்தையும் அது விட்டுவைக்காது. கரீபியன் தீவான குவாதலூப்பில் இவ்வினப் பழமும் இலைத் தேநீரும் உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் (நடுக்கமும் விறைப்பும் தருகிற நரம்பு நோய்) போன்ற நோய் கூடுதலாகக் காணப்பட்டதாக 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பழத்தை ஆசைக்கு எப்போதாவது சாப்பிடுங்கோ. கசாயம் என்றால் கீமோ தருகிற டொக்டரிடம் சொல்லிப்போட்டுக் குடியுங்கோ, ஏசினாலும் பரவாயில்லை.