பந்திக்கு முன்னாலேயே வயிற்றை நிரப்பி விடாதீங்க

போன வாரம் ஈரோட்டுப் பக்கம் சொந்தத்தில் ஒரு வரவேற்பு. மண்டபத்துக்குள் நுழைந்ததுமே கோபி மஞ்சூரியன், பனீர், சீஸ் உருண்டை, கலர் கலராக ஜூஸ். ஒரு மணி நேரம் நின்றபடியே எல்லோரும் தின்றோம். பந்தியில் உட்கார்ந்தால், நெய் மணக்க அரிசிம்பருப்புச் சோறு வருகிறது. பெரியம்மா இலைக்குக் குறுக்கே கையை நீட்டி, "போதுஞ் சாமி, வயிறு ரொம்பிப்போச்சு" என்கிறார். அவருக்கு உயிரான சோறு அது. எனக்கு மனசே ஆறவில்லை.

பசியைக் கிளப்பத்தானே முதலில் கொஞ்சம் கொடுப்பது? மைதாவில் முக்கிப் பொரித்து, இனிப்புச் சாஸில் புரட்டியதைத் தட்டு நிறையக் கொடுத்தால் பசி எப்படிக் கிளம்பும்?

இதற்கென்றே பிறந்த மாதிரி நம்மிடம் ஒன்று இருக்கிறது, சேலத்துத் தட்டுவடை செட். உள்ளங்கைக் குழியில் அடங்குகிற தட்டுவடை. அதன்மேல் காரச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், பொடி வெங்காயம், புளிப்பாய் ஒரு பச்சைச் சட்னி. மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து அழுத்தி, அப்படியே வாயில் போட வேண்டும். நொறுங்கும்போதே காரமும் புளிப்பும் ஏறி நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் கேட்கக் கேட்கத்தான் போட்டுத் தர வேண்டும். அடுக்கி வைத்தால் ஐந்து நிமிடத்தில் நமத்துவிடும்.

கொள்ளு ரசமும் அப்படித்தான். பருப்பைக் கடைய எடுத்துக்கொண்டு, வடித்த தண்ணீரில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்ட ரசம். சின்ன டம்ளரில் சூடாக ஒரு வாய் போதும். கறி விருந்து என்றால் பள்ளிபாளையம் சிக்கன் இருக்கவே இருக்கிறது. வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, இவைதான் அதற்கு ருசி. இரண்டு துண்டுக்கு மேல் வைக்க வேண்டாம்.

எங்கள் வீட்டு நிச்சயத்துக்குத் தட்டுவடை வேண்டும் என்றபோது சமையல்காரர் தயங்கினார். "அது ரோட்டுக்கடை அயிட்டமுங்க, மண்டபத்துல எடுபடாதுங்க." பரவாயில்லை, போடுங்கள் என்றோம். அன்றைக்கு நீள வரிசை நின்றது அங்கேதான். ஒன்பது மணிக்குப் பந்தியில் ரசத்துக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டார்கள். கேட்டவர்களில் பெரியம்மாவும் ஒருவர்.

ஆவணியில் விசேஷம் வைத்திருப்பவர்கள் இப்போதே சமையல்காரரிடம் பேசிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு செட் கணக்குப் போட்டால் போதும். மூன்றாவது கேட்டால், பந்தி ஆரம்பிச்சாச்சுங்க என்று சொல்லி உள்ளே அனுப்பிவிடுங்கள்.