சங்கிலியன் ஒருவரல்ல, இருவர்

யாழ்ப்பாண அரசன் சங்கிலியனுக்கு நல்லூர் முத்திரைச் சந்தியில் உள்ள சிலையின் படத்தோடு வாட்ஸ்அப்பில் ஒரு பதிவு சுற்றுகிறது: "1544இல் மன்னாரில் கிறிஸ்தவர்களைக் கொன்ற சங்கிலியனை 1619இல் போர்த்துக்கேயர் நல்லூரிலேயே தூக்கிலிட்டனர்." பிழை. இடையில் 75 வருடங்கள் கிடக்கின்றன.

மன்னார்ப் படுகொலை முதலாம் சங்கிலி காலத்தது. 1560இல் நல்லூரைப் பிடித்த போர்த்துக்கேயரை வெளியேற வைத்தவரும் அவரே. மன்னார் மட்டும் அவர்கள் கையில் தங்கிவிட்டது.

1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேராவின் படையிடம் பிடிபட்டவர் இரண்டாம் சங்கிலி. அவரைக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். 1623இல் அங்கேதான் மரணதண்டனை. சொந்த மண்ணில் சாகவும் விடவில்லையே என்பதுதான் எனக்கு ஆறாத துயரம்.

அரசன் போனதும் யாழ்ப்பாணம் அடங்கிவிட்டது என்று அதே பதிவு முடிகிறது. அதுவும் தவறு. கிளர்ச்சித் தலைவர் மிகப்பிள்ளை ஆராச்சி தஞ்சை நாயக்கரின் படையுதவியோடு 1620இலும் எதிர்த்து நின்றார்.