வாடகை இல்லாத கொரியாவா?

"கொரியாவுல வாடகையே கட்டாம இருக்கலாம், சீரியல்லயே காட்டுறாங்க, அரசாங்கம் அப்படிப் பாத்துக்குது"ன்னு மேல ஒருத்தர் எழுதியிருக்கார். அது சலுகை இல்லைங்க, ஜொன்சேன்னு அங்க இருக்கிற ஒரு முறை. நம்ம ஊர் போக்கியம் மாதிரிதான்: வீட்டு விலையில பெரும்பாலும் பாதிக்கு மேல, வீட்டுக்காரர்கிட்ட மொத்தமா கட்டணும். பலருக்கு அதுவே வங்கிக் கடன். வாடகைக்குப் பதிலா வட்டி, அவ்ளோதான்.

ஒப்பந்தத்துக்கு முன்னாடியும் பாக்கிப் பணம் கட்டுற அன்னிக்கும் வில்லங்கம் பாக்கணும். குடிபோன உடனே உள்ளூர் அலுவலகத்துல முகவரி மாத்தி, ஒப்பந்தத்துல தேதி முத்திரை வாங்கணும். ஆனா அதனால உங்க பணத்துக்குக் கிடைக்கிற பாதுகாப்பு அன்னிக்கு ராத்திரி 12 மணிக்கு மேலதான் செல்லும். அதே பகல்ல வீட்டுக்காரர் வீட்டை அடமானம் வச்சுப் பதிஞ்சுட்டா வங்கிதான் முன்னாடி; ஏலத்துல மிஞ்சினதுதான் உங்களுக்கு. அங்க இன்சோன் நகரத்துல வீடு ஏலத்துக்குப் போய் முன்பணத்தை விட்டவங்க ஏராளம். 2023ல இதுக்குன்னே தனிச் சட்டம் போட்டாங்க.